நாகை எம்.பி. பட்டியலில் ஒரே ஒரு பத்மா

எங்கள் நாகப்பட்டினம் மக்களவைத் தொகுதிக்கு இதுவரை யார் யார் எம்.பி.யாக இருந்தார்கள் என்ற பட்டியல், வேறு எதையோ தேடப்போன இடத்தில் கண்ணில் பட்டது. 1957 இலிருந்து ஆரம்பிக்கிறது. காத்தமுத்து, எஸ்.ஜி. முருகையன், தாழை மு. கருணாநிதி, நான்கு முறை ஜெயித்த எம். செல்வராசு, மூன்று முறை ஜெயித்த ஏ.கே.எஸ். விஜயன், கோபால், இப்போது வை. செல்வராஜ். வேட்டியாகவே இறங்கி வந்த பட்டியலில் 1991க்கு நேராக மட்டும் ஒரு சேலை. பத்மா, காங்கிரஸ். ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட கையோடு நடந்த தேர்தல் அது. அதே அலையில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்கு 32 பெண்கள் போனார்கள். 2021 தேர்தல் வரை அதுதான் உச்சம்.

எங்கள் கீழ்வேளூர் சட்டமன்றத் தொகுதிக்கு வயது குறைவு. 2008 மறுவரையறையில் பிறந்து, 2011 இல் முதல் தேர்தலைப் பார்த்தது. 2021 வரை மூன்று தேர்தல், இரண்டே பேர், இருவரும் ஆண்கள். முதலிலும் மூன்றாவதிலும் நாகை மாலி, நடுவில் மதிவாணன். யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. நாகை மாலிக்கு நானே ஓட்டுப் போட்டிருக்கிறேன்.

பட்டியலைச் சித்தப்பாவிடம் காட்டினேன். சித்தப்பா சின்ன வயசிலிருந்தே செங்கொடிக் கட்சி. இப்போது எழுபது தாண்டியும் உண்டியல் வசூலுக்குத் தேரடியில் நிற்கிறவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்துப் பார்த்தார்.

"பொம்பளைங்களை நிறுத்தக்கூடாதுன்னு எங்களுக்கு என்ன பாப்பா? வெற்றி வாய்ப்புன்னு ஒண்ணு பார்க்கணும்ல."

தமிழ்நாட்டு அரசியலில் பெண்களை வாசலோடு நிறுத்தும் வார்த்தை இந்த "வெற்றி வாய்ப்பு"தான். திமுக சொல்லும், அதிமுக சொல்லும், காங்கிரஸ் சொல்லும், சித்தப்பாவும் சொல்லுவார். யார் எங்கே எப்போது அளந்தார்கள் என்று கேட்டால் பதில் வராது. 2024 மக்களவைத் தேர்தலில் நாம் தமிழர் கட்சி 40 இடத்தில் 20 பெண்களை நிறுத்தியது. அதன் அரசியலோடு எனக்கு ஆயிரம் சண்டை உண்டு. ஆனாலும் பாதிக்குப் பாதி நிறுத்த எந்தச் சட்டத்துக்கும் அந்தக் கட்சி காத்திருக்கவில்லை. ஜெயிக்காத கட்சிக்கு அது சுலபம் என்பார்கள். சரி, ஜெயிக்கிற கட்சியையே பார்ப்போம். மேற்கு வங்கத்தில் திரிணாமூல் அதே தேர்தலில் 42 இடத்தில் 12 பெண்களை நிறுத்தியது, 11 பேர் ஜெயித்தார்கள். வெற்றி வாய்ப்பு அவர்களிடம் எப்படி வந்தது?

நம் கதை இது: தமிழ்நாட்டின் 39 எம்.பி.க்களில் பெண்கள் 5 பேர். கனிமொழி, தமிழச்சி தங்கபாண்டியன், ஜோதிமணி, ராணி ஸ்ரீகுமார், பக்கத்து மயிலாடுதுறையில் சுதா. 2019 இல் மூன்றாக இருந்தது, அந்த வகையில் முன்னேற்றம் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். 2021 சட்டமன்றத்தில் 234 பேரில் 12 பெண்கள். நூற்றுக்கு ஐந்து. 1927 இலேயே முத்துலட்சுமி ரெட்டியைச் சட்டமன்றத்துக்கு அனுப்பி, அங்கே துணைத் தலைவராகவும் உட்கார வைத்த மாகாணம் இது. பக்கத்து கேரளத்தைப் பார்த்து ஆறுதல் அடையலாம். படிப்பிலும் சுகாதாரத்திலும் நமக்கெல்லாம் பாடம் எடுக்கும் அந்த மாநிலம் 2024 பொதுத்தேர்தலில் ஒரு பெண்ணைக்கூட மக்களவைக்கு அனுப்பவில்லை.

"அதான் சட்டம் வந்துடுச்சே, மூணுல ஒரு பங்கு" என்றார் சித்தப்பா.

வந்துவிட்டது. வந்து எங்கே நிற்கிறது என்பதுதான் விஷயம்.

1996 செப்டம்பரில் தேவகவுடா ஆட்சியில் முதல் மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா. அதை அலசிய கூட்டுக் குழுவுக்குத் தலைவர் கீதா முகர்ஜி, இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி. (நாகையில் பல முறை ஜெயித்த கட்சி. அது இங்கிருந்து டெல்லிக்கு அனுப்பியதெல்லாம் ஆண்கள். சித்தப்பா இன்னொரு கம்யூனிஸ்ட் கட்சிக்காரர் என்பதால் இதைச் சொன்னதும் முகம் மலர்ந்தார்.) 1997 இல் சரத் யாதவ், முடியைக் கத்தரித்துக்கொண்ட பெண்கள்தான் இதனால் உள்ளே வருவார்கள் என்ற பொருளில் மக்களவையில் பேசினார். 1998 இல் சட்ட அமைச்சராக இருந்த நம் தம்பிதுரை மசோதாவைக் கொண்டுவந்தபோது, ராஷ்டிரீய ஜனதா தள எம்.பி. ஒருவர் பிடுங்கிக் கிழித்தே போட்டார். 2010 மார்ச் 9 அன்று மாநிலங்களவையில் 186க்கு 1 என்று நிறைவேறியது. அதற்கப்புறம் மக்களவையில் விவாதத்துக்கு எடுக்கவே இல்லை.

பிறகு 2023 செப்டம்பர். புது நாடாளுமன்றக் கட்டடத்தில் முதல் வேலையாக அதே சங்கதி. மக்களவையில் 454க்கு 2, மாநிலங்களவையில் எதிர்ப்பே இல்லாமல் 214. இருபத்தேழு வருஷம் கிழிபட்டுக் கிடந்த ஒன்று மூன்றே நாளில் நிறைவேறினால், எங்கேயோ ஒரு முடிச்சு இருக்கும் என்று சந்தேகப்பட வேண்டாமா? இருந்தது. சட்டம் வந்தபிறகு எடுக்கும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அதை வைத்து நடக்கும் தொகுதி மறுவரையறை, இரண்டும் முடிந்த பிறகே இடஒதுக்கீடு. கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று 2025 ஜூனில்தான் தேதி குறித்தார்கள். மறுவரையறை எப்போது முடியுமோ!

இதில் நமக்கென்று தனியாக ஒரு வலி. மறுவரையறை என்றாலே தமிழ்நாட்டுக்கு வயிற்றைக் கலக்கும். குடும்பக் கட்டுப்பாட்டைச் சொன்னபடி கேட்டு மக்கள்தொகையை அடக்கினோம், அதற்குத் தண்டனையாக எம்.பி. எண்ணிக்கையைக் குறைப்பார்களா என்ற பயம். 1971 கணக்கெடுப்போடு தொகுதி எண்ணிக்கை உறைந்து நிற்கிறது. அந்த உறைநிலையை இன்னும் 25 வருஷத்துக்கு நீட்டுங்கள் என்று 2025 மார்ச்சில் சென்னையில் பல மாநிலக் கட்சிகள் கூடிக் கேட்டன. அந்தப் பயம் நியாயமானது, நானும் படுகிறேன். ஆனால் என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். தமிழச்சியாக நான் வேண்டாம் என்று கும்பிடுகிற மறுவரையறையைப் பெண்ணாக எப்போது வரும் என்று எதிர்பார்த்து நிற்க வேண்டியிருக்கிறது. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டியவர்களின் கெட்டிக்காரத்தனத்தைப் பாராட்டத்தான் வேண்டும். மறுவரையறைக்கு ஏன் காத்திருக்க வேண்டும், இப்போதே கொடுங்கள் என்று கனிமொழி 2023 மசோதா விவாதத்திலேயே கேட்டார். நல்ல கேள்வி. அடுத்த வருஷமே அவருடைய கட்சி நிறுத்திய 21 பேரில் பெண்கள் 3. அந்தக் கேள்வியை அறிவாலயத்துக்குள்ளும் யாராவது கேட்டிருக்கலாம்.

முடியைக் கத்தரித்த பெண்கள் என்றாரே சரத் யாதவ், அதைப் படித்தபோது எனக்கு மணலூர் மணியம்மைதான் நினைவுக்கு வந்தார். எங்கள் பக்கத்தில் பழைய ஆட்கள் அவரைப் பற்றிச் சொல்லும்போது குரலே மாறும். பிராமண வீட்டு இளம் விதவை. தலையை கிராப் வெட்டிக்கொண்டு, வேட்டி சட்டை போட்டு, சிலம்பம் கற்று, சைக்கிளில் சேரி சேரியாகப் போய்ப் பண்ணையாட்களுக்குச் சங்கம் கட்டியவர். 1953 இல் மான் முட்டி இறந்தார் என்பதை முதலில் கேட்டபோது நான் நம்பவில்லை. ராஜம் கிருஷ்ணன் அவர் வாழ்க்கையை வைத்து 'பாதையில் பதிந்த அடிகள்' எழுதினார். இந்த டெல்டாவில் பெண்கள் அரசியலுக்குப் புதுசு என்று யாராவது சொன்னால் அந்தப் புத்தகத்தைக் கையில் கொடுங்கள். அரைப்படி நெல் கூலி உயர்வுக்காக நின்ற ஊர்தான் கீழ்வெண்மணி, எங்கள் கீழ்வேளூர் பக்கம். 1968 டிசம்பர் 25 இரவு அங்கே குடிசைக்குள் எரிந்துபோன 44 பேரில் பெரும்பாலானவர்கள் பெண்களும் குழந்தைகளும். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வந்து தங்கிய கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், லாஃப்டி இயக்கம் மூலம் நிலமில்லாதவர்களுக்கு வாங்கிக் கொடுத்த நிலத்தைக் குடும்பத்துப் பெண் பேரில்தான் பத்திரம் போட வைத்தார். ஆண் பேரில் இருந்தால் விற்றுக் குடித்துவிடுவான் என்பது ஒரு காரணம். நாற்று நடுகிற, களை பறிக்கிற கைக்குப் பட்டா என்பது இன்னொன்று.

அந்தக் கைக்கு எம்.எல்.ஏ. சீட்டு மட்டும் கட்சி ஆபீஸ் படியிறங்கி வருவதில்லை.

"பஞ்சாயத்துல கொடுத்தோம்ல, என்ன ஆச்சு? புருஷன்தானே தலைவர்?" சித்தப்பாவின் அடுத்த அம்பு. இது ஊரே விடுகிற அம்பு, பதில் சொல்லியே ஆக வேண்டும்.

எங்கள் ஒன்றியத்தில் ஒரு ஊராட்சிக்கு ஒரு அக்கா தலைவராக இருந்தார். பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கிய ஊராட்சி. ஆரம்பத்தில் சித்தப்பா சொன்ன மாதிரியேதான். நாற்காலியில் வீட்டுக்காரர் உட்காருவார், பிடிஓ ஆபீஸில் அவரைத்தான் "வாங்க தலைவரே" என்பார்கள், அக்கா கையெழுத்துப் போடுவதற்கு மட்டும். ஆனால் அக்காவுக்கு நிஜமான தொல்லை வீட்டுக்காரரால் வரவில்லை. ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். தலைவர் பதவிக்கு இடஒதுக்கீடு உண்டு, துணைத் தலைவருக்குக் கிடையாது. அவரை வார்டு உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். அதனால் நிறைய ஊரில் நடப்பது என்னவென்றால், தலைவர் காலனித்தெருப் பெண், துணைத் தலைவர் ஊர்த்தெருப் பெரிய வீட்டு ஆண். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் ஒரு டியூப்லைட்கூட மாற்ற முடியாது.

ஒரு சித்திரையில் மேல்நிலைத் தொட்டி மோட்டார் எரிந்துபோனது. துணைத் தலைவர் செக்கை வாங்கி வைத்துக்கொண்டு நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தார். அக்கா ரெண்டு நாள் அவர் வீட்டு வாசலில் நின்று பார்த்தார். மூன்றாம் நாள் காலை ரெண்டு தெருப் பெண்களையும் காலிக் குடத்தோடு கூட்டிக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். ஊர்த்தெருப் பெண்களும் வந்தார்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும், தண்ணீர் அவர்களுக்கும்தான் வரவில்லை. திருவாரூர் பஸ் நின்றது, நாகப்பட்டினம் பஸ் நின்றது, செக்கில் கையெழுத்து விழுந்தது. அன்றைக்கு வீட்டுக்காரர் எங்கே போனார் என்று கேட்டால் அக்கா இன்றும் சிரிப்பார். "கூட்டத்துக்குப் பின்னாடி நின்னாரு. அன்னையிலேர்ந்து நாற்காலி எனக்கு."

பொருளாதார அறிஞர்கள் ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டுஃப்லோவும் மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் ஊராட்சிகளை அலசி 2004 இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இடஒதுக்கீட்டில் பெண்கள் தலைவரான ஊராட்சிகளில் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவானது என்பது அவர்கள் கண்டது. அக்காவிடம் சொன்னால், இதைக் கண்டுபிடிக்கப் படிப்பு வேணுமா என்பார்.

எல்லாக் கதையும் இப்படி முடியவில்லை. மதுரை வில்லாபுரத்தில் மாநகராட்சி உறுப்பினராக இருந்த லீலாவதி, தெருவுக்குக் குடிநீர் கொண்டுவந்ததற்காக 1997 ஏப்ரலில் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் 2020 இல் ஊராட்சித் தலைவரான தலித் பெண்ணைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படத்தை எல்லோரும் பார்த்தோம். சட்டம் நாற்காலியைக் கொடுக்கும். உட்கார்ந்தவரை எழுப்பாமல் இருக்க ஊர் பழக வேண்டியிருக்கிறது. அதற்கு நாளாகிறது, நாளாகட்டும். தமிழ்நாட்டில் 1996 ஊராட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு, 2016 இல் திருத்திய சட்டப்படி பாதி. முப்பது வருஷமாக இந்த மாநிலம் ஆயிரக்கணக்கான பெண்களுக்குக் கிராம சபை நடத்தவும், பிடிஓவோடு மல்லுக்கட்டவும், டெண்டர் படிக்கவும் கற்றுக்கொடுத்திருக்கிறது. கற்றவர்கள் அடுத்த படிக்குப் போக வழியில்லை. ஒன்றியச் செயலாளர் ஆண், மாவட்டச் செயலாளர் ஆண், வேட்பாளர் நேர்காணல் நடத்துகிறவரும் ஆண். அதிலும் 2025 ஜனவரியோடு ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலமும் முடிந்து, எங்கள் பக்கமெல்லாம் தனி அலுவலர் ஆட்சி வந்தது. பாதிக்குப் பாதி பெண்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிகளும் காலியாயின.

வெளியூரில் என்ன செய்தார்கள் என்று பார்த்தால், ஒதுக்கீடு என்பது ஒரே மாதிரி பாத்திரம் இல்லை. ருவாண்டாவில் 80 பேர் கொண்ட அவையில் 24 இடம் பெண்களுக்கே என்று அரசியல் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். மிச்ச இடங்களிலும் பெண்கள் வந்து, 2008 இலிருந்து பாதிக்கு மேல் அவர்கள்தான். (அங்கே ஜனநாயகம் என்ன நிலையில் இருக்கிறது என்பது வேறு பதிவு.) பிரான்ஸில் 2000 இல் சரிபாதிச் சட்டம் போட்டார்கள். மீறினால் கட்சிக்குக் கிடைக்கும் அரசு நிதியில் வெட்டு. பெரிய கட்சிகள் கணக்குப் பார்த்து, வெட்டைத் தாங்கிக்கொண்டு ஆண்களையே அதிகம் நிறுத்தின! நார்வேயில் நாடாளுமன்றத்துக்கென்று இப்படி ஒரு சட்டமே கிடையாது. அங்கே தொழிற்கட்சி 1983 இல் தன் விதியிலேயே எழுதிக்கொண்டது: வேட்பாளர் பட்டியலில் ஆணோ பெண்ணோ, நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையக்கூடாது. வேறு சில கட்சிகளும் இப்படி எழுதிக்கொண்டன. யாழ்ப்பாணத்தில் பிறந்து குழந்தையாக அங்கே போன கம்ஷாஜினி குணரத்தினம், அந்தக் கட்சியின் பட்டியலில்தான் ஆஸ்லோ துணை மேயராகி, 2021 இல் நார்வே நாடாளுமன்றத்துக்கும் போனார். நம் கட்சிகளுக்கு நான் காட்ட நினைப்பது இதைத்தான். கணக்கெடுப்பு வேண்டாம், மறுவரையறை வேண்டாம், ஜனாதிபதி கையெழுத்து வேண்டாம். பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போதும்.

அதற்காக 2023 சட்டம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வரட்டும். இன்றைய எண்ணிக்கைப்படி பார்த்தால் தமிழ்நாட்டில் 13 பெண் எம்.பி., 78 பெண் எம்.எல்.ஏ. கட்டாயம். பட்டியலினத் தொகுதிகளுக்குள்ளும் மூன்றில் ஒரு பங்கு உண்டு. 44 தனித்தொகுதிகளில் சுமார் 15 பெண்களுக்குப் போகும், கீழ்வேளூரும் அந்த 44 இல் ஒன்று. பிற்படுத்தப்பட்ட பெண்களுக்கு உள்ஒதுக்கீடு இல்லை என்பது பெரிய ஓட்டை. முடி கத்தரித்த பேச்சை நீக்கிவிட்டுப் பார்த்தால் சரத் யாதவ் வகையறா எழுப்பிய கேள்வி இதுதான், அதற்கு இன்னும் பதில் இல்லை. இன்னொரு சிக்கலைப் பற்றி அதிகம் பேச்சில்லை. எந்தத் தொகுதி பெண் தொகுதி என்பது அடுத்தடுத்த மறுவரையறையின்போதுதான் சுழலும், சட்டத்துக்கோ ஆயுள் 15 வருஷம். ஆக, முதலில் எந்தத் தொகுதிகள் சிக்குகின்றனவோ அவையே கடைசிவரை பெண் தொகுதிகளாக நிற்கலாம். மற்ற தொகுதிகளில் கட்சிகள் நிம்மதியாக ஆண்களை நிறுத்திக்கொண்டு, பெண்களுக்குத்தான் அங்கே கொடுத்துவிட்டோமே என்று சொல்லும். வெற்றி வாய்ப்புக்குப் பதில் புது வார்த்தை கிடைத்துவிடும்.

பெண் எம்.பி. வந்தால் பெண்களுக்கு நல்லது நடந்துவிடுமா என்றும் கேட்பார்கள். தெரியாது. 1991 இல் போன 32 பேரில் எத்தனை பேர் பேசி நாம் கேட்டோம்? ஆனால் நாகை பட்டியலில் இருக்கும் ஆண்கள் யாரிடமும் இந்த உத்தரவாதத்தை யாரும் கேட்கவில்லை.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் ஒரே மூச்சில் கொட்டியிருந்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சரி, சட்டத்தை விடு. நாளைக்கே கட்சியில கொடுக்கறோம்னு வை. இங்க யாரு இருக்கா, சொல்லு" என்றார். அக்கா பேரைச் சொன்னேன். சித்தப்பாவுக்கு அவரைத் தெரியும், மோட்டார் மறியலன்று ரோட்டில் அவரும் நின்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அவ எந்தக் கட்சி?" என்றார். எந்தக் கட்சியும் அவரை இதுவரை கேட்டதில்லை என்றேன்.

சாயங்காலம் அக்கா மகளிர் குழுக் கூட்டம் முடித்துக்கொண்டு போகும் வழியில் வீட்டுக்கு வந்தார். விளையாட்டாகத்தான் சொன்னேன், உங்களை எம்.எல்.ஏ.வுக்கு நிறுத்தப் போறோம்க்கா என்று. அக்கா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. டெபாசிட் எவ்வளவு என்றார். சட்டமன்றத்துக்குப் பத்தாயிரம், பட்டியலினத்தவருக்குப் பாதி, ஐயாயிரம் என்றேன். செலவு எவ்வளவு வரை பண்ணலாம் என்று சட்டம் சொல்கிறது என்றார். நாற்பது லட்சம் என்றேன்.

"ஐயாயிரம் என்கிட்ட இருக்கு" என்றார் அக்கா. "மிச்சம் முப்பத்தொம்பது லட்சத்து தொண்ணூத்தஞ்சாயிரத்துக்கு உங்க சித்தப்பாவை உண்டியலைத் தூக்கச் சொல்லு."